தோற்ற கிழமைக்கு மணி இல்லை

அன்பு மச்சான் சிவத்துக்கு,

நீ படுத்த கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நடுவில் உன் முதுகுக்கு அளவாய் விழுந்த பள்ளத்துக்குள்தான் நானும் கிடக்கிறேன். செத்துப்போனவனைத் திட்டக் கூடாதாம். உன்னைத் திட்டாமல் எனக்கு இந்தக் கடிதம் தொடங்க வருகுதில்லை, படுபாவி. என்னை நல்ல இடத்தில் மாட்டிவிட்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கிழமையில் வியாழக்கிழமைப் பின்னேரம் மட்டும்தான் உனக்கு லீவு. அதில் படுத்து நித்திரை கொள்ளாமல், சியாகுல்லித் தோட்டத்துக்கு மந்தரீன் தோடம்பழம் பிடுங்கப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். மழை, வழுக்கிற றோட்டு, உன் பழைய மோட்டார் சைக்கிள். மிச்சத்தை எழுதமாட்டேன். எரிக்க இங்கே வழி கிடைக்கவில்லை. மன்னார் அந்தோனி அண்ணை கத்தோலிக்கச் சுவாமியாரோடு கதைத்துப் புதைக்க ஒரு இடம் எடுத்துத் தந்தார். முதல் பிடி மண் போட்டவன் நான். தங்கச்சி புருஷன் செய்யலாமோ என்று நாலு பேர் நாலு விதமாய்க் கதைத்தார்கள். இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் உனக்கு வேறு ஆர் இருக்கிறது?

ஈமக்கடமை செய்தவன் நான் என்றபடியால் முப்பத்தோராம் நாள் முடியும்வரை சாவுத் துடக்கும் எனக்குத்தான். விளக்குக் கொளுத்தக் கூடாது, சாமிப் படத்தடிக்குப் போகக் கூடாது, உன் பூசை மணியைத் தொடக் கூடாது. பிரச்சினை முழுக்க அந்த மணிதான்.

செத்தவீடு முடிந்த கையோடு, நீ வேலை பார்த்த வீட்டுக்கார அம்மா, சிஞோரா, என்னைத் தேடி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கே வந்தார். மீன் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். தன் மாமாவோடு இங்கிலிசில் கதைக்கக்கூடிய ஒருவர் வீட்டோடு நிற்க வேண்டும், நின்றால் என் பெயரில் வேலை ஒப்பந்தம் எழுதுவேன் என்றார். ஒப்பந்தம் இருந்தால் குவெஸ்தூராப் பொலிசில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கலாம். பெர்மெஸ்ஸோ இருந்தால் மலரையும் பிள்ளையையும் கூப்பிடலாம். உன் தங்கச்சி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் எவ்வளவு காலமாய்ப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். ஓம் என்றுவிட்டேன்.

வீடு அல்பெர்கேரியாப் பகுதியில் ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. சிஞோரா வெளியே போகும்போது கதவை வெளியிலிருந்து இரண்டு சுற்றுப் பூட்டிவிட்டுத்தான் போவார். சிஞோராவின் மாமா, கிழவர், ஒருமுறை பெனியனோடு படியிறங்கி, மைதானம் தேடிப் பல்லாரோச் சந்தை மட்டும் போனாராமே, அன்றைக்குத் தொடங்கின பூட்டு. இப்போது அவருக்குக் கால் ஏலாது. பூட்டு மட்டும் நிற்கவில்லை. பால்கனியில் இருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் கீழேயிருந்து பாணும் தக்காளியும் வரும். அந்தக் கூடைக்கு இருக்கிற சுதந்திரம் எனக்கில்லை.

அந்தக் கிழவர், எங்கள் கோச்சைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை வேறு ஆராவது வாசித்தால் விளங்கட்டும் என்று சொல்லுகிறேன். இந்த ஊரில் பிறந்து, கைக்குழந்தையாய் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சோளக் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் அணியில் விளையாடி, பிறகு அதே அணிக்குப் பயிற்றுநராய் வாழ்நாளைக் கொடுத்த மனிதர். மனைவி போனபின் அக்கா மகளான சிஞோராவிடம் திரும்பி வந்தார். வந்தது உடம்பு மட்டும். மனம் இன்னும் அந்த மைதானத்தில்தான் நிற்கிறது.

அதென்ன விளையாட்டு மச்சான்? பந்து உருண்டையாயும் இல்லை, காலால் உதைக்கிறதும் அருமை. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு உதைபந்து என்று பெயர் வைத்திருக்கிறான் அமெரிக்கன். இதை நீ வாய்விட்டுக் கேட்டதற்குக் கோச் ஒரு நாள் முழுக்க உன்னோடு கதைக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாய். பந்து கோட்டுக்கு வெளியே போனால் மணிக்கூட்டையே நிறுத்திவிடுவார்களாம். எங்கள் மணிக்கூடும் நின்றுதான் கிடக்கிறது. வயது மட்டும் ஓடுகிறது.

இப்போது அந்த அணியின் வரலாறு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சோளம் வெட்டின நிலத்தில், தோல் தொப்பி மாட்டிக்கொண்டு தொடங்கினவர்கள். முதல் ஆட்டத்தில் அடி வாங்கி, ரயிலில் ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு முதல் ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்தவர்கள். பிறகு ஒரு முழுப் பருவம் எதிராளி ஒருவனையும் தங்கள் கோட்டைத் தாண்ட விடாத ஆண்டு வந்தது. அந்த அணியில் கோச் முன்வரிசையில் நின்றார். புதுவருட நாளில் பெரிய கல்லூரி ஒன்றைக் கடைசி விநாடியில் வென்ற கிண்ணமும் உண்டு. சேற்றுக்குள் நின்று ஒருத்தன் உதைத்த உதையில்தான் அது வந்ததாம். அப்ப காலுக்கும் வேலை இருக்குத்தானே என்று கேட்டேன். கோச் சிரித்துவிட்டார்.

வில்லியத்தின் கதையையும் நாளுக்கொரு தரம் சொல்லுவார். கறுப்பினப் பிள்ளை, காற்றாய் ஓடுவானாம். வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில் அவனுக்கு மட்டும் அறை இல்லை என்றான் ஹோட்டல்காரன். கோச் எல்லா அறைச் சாவிகளையும் மேசையில் திருப்பி வைத்துவிட்டு, முழு அணியையும் பஸ்ஸுக்குள் படுக்கவைத்தார். அடுத்த நாள் நிமிர முடியாத முதுகோடு விளையாடி வென்றார்கள். இந்தக் கதைக்கு மட்டும் நான் முகம் சுளிக்கிறதில்லை. இந்த ஊரில் வாடகைக்கு அறை தேடித் திரிந்தவனுக்கு அது விளங்கும்.

அந்தக் கல்லூரியில் மரக்கோபுரத்தில் ஒரு மணி உண்டு. சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால் புது மாணவர்கள் ஓடிப்போய் ஊர் முழுக்கக் கேட்க அடிப்பார்கள். தோற்ற கிழமைக்கு மணி இல்லை. ஊரே வாய் திறக்காதாம்.

இது தெரியாமல்தானே நீ மாட்டினாய்? கற்பூர மணம் சிஞோராவுக்குப் பிடிக்காது என்று, அவர் ஞாயிறு காலைப் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போகும் நேரத்தில் நீ சமையலறை மூலையில் பிள்ளையாருக்கு மணி அடித்திருக்கிறாய். பாயோடு பாயாய்க் கிடந்த மனிதர் எழும்பி உட்கார்ந்து, வென்றுவிட்டோமா என்று கத்தியிருக்கிறார். நீ ஓம் என்றாய். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோப்பி கேட்டார். அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கு ஞாயிறு வெற்றிதான். அங்கே ஆட்டம் மாரியோடு முடிந்துவிடும். இங்கே நீ வருஷம் முழுக்க வெல்லவைத்தாய். உண்மையில் அவர்கள் தோற்காத கிழமை இல்லை என்று கோச்சின் பழைய மாணவன் ஒருவன் போனில் சொன்னதை எனக்குச் சொல்லி நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்போது நானும் சிரித்தேன்.

நான் வந்த முதல் ஞாயிறு கோச் தொப்பியோடு காத்திருந்தார். மணி இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் ஒரு அலுமினியச் சட்டியில் அகப்பையால் தட்டிப் பார்த்தேன். அது சட்டி என்றார் அவர், திரும்பாமலே. சுற்றிவர இத்தனை கோவில் மணி அடிக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்பார்கள் என்றார்.

இரண்டாம் ஞாயிற்றுக்குப் பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பால் மட்டும், அதுவும் வாய் நனைக்கிற மாதிரி. சிஞோரா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இப்படியே போனால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் விடவேண்டி வரும் என்றார். பிறகு எனக்கு இங்கே வேலை இருக்காது என்பதையும் மரியாதையாய்ச் சொன்னார். மணி மூலையில் கிடக்கிறது. ஒருதரம் ஆட்டினால் கிழவர் சாப்பிடுவார், ஒப்பந்தம் வரும், மலர் வருவாள். ஆனால் உனக்கான துடக்கை நான் முறித்தால், உனக்காக இந்த ஊரில் காக்க வேறு ஆர்? உன்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அழுகையும் வந்தது.

இன்னொன்றையும் கேள். மலருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை லீவில் பல்லாரோவில் தொலைபேசிக் கடையில் நின்று கதைக்கும்போது, அண்ணா எங்கை என்றுதான் முதலில் கேட்பாள். தோட்டத்துக்குப் போயிட்டான் என்பேன். தெரிந்தால் அம்மாவிடம் யாழ்ப்பாணத்துக்கு ஓடுவாள். சண்டைக்குள் அகப்பட்ட ஊர், உள்ளே போனால் திரும்பி வெளிக்கிடுவது அவள் கையில் இல்லை. அதற்குப் பயந்துதான் மறைத்தேன். போன கிழமை என்ன சொன்னாள் தெரியுமா?

"அண்ணான்ரை பேரிலை அருச்சனை செய்தனான். விபூதி வச்சிருக்கிறன், வரேக்கை கொண்டுவாறன் எண்டு சொல்லுங்கோ."

நான் இங்கே மணியைத் தொடாமல் துடக்குக் காக்கிறேன். கூடப் பிறந்தவள் அங்கே ஒன்றும் தெரியாமல் கோயில் ஏறி இறங்குகிறாள். போனை வைத்த பிறகு எப்படி ஐந்து மாடி ஏறினேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் ஞாயிறு சிஞோரா வழக்கம்போல் கதவைப் பூட்டிவிட்டுப் பூசைக்குப் போனார். கோச் என்னைச் சிவா என்று கூப்பிட்டார். அன்றுவரை நானும் திருத்தியதில்லை. இன்னும் எத்தனை வாரம் தோற்கப்போகிறோம் என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. கட்டிலில் அவர் காலடியில் இருந்தேன்.

"கோச், நான் சிவா இல்லை. சிவா செத்துப்போனான். மணி அடிச்சது அவன்தான்."

 எப்படி என்றார். மழை, றோட்டு, மந்தரீன் எல்லாம் சொன்னேன். அவர்கள் தோற்றுக்கொண்டிருப்பதையும் சொன்னேன். அதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"அவனுக்கு மணி அடித்தீர்களா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் வில்லியம் கதையின் மிச்சத்தைச் சொன்னார். உனக்கும் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வில்லியம் கொரியாப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. செய்தி வந்த அன்று கோச் தன் கையாலேயே மணி அடித்தாராம். வெற்றிக்கு அடிக்கிற வேகத்தில் இல்லை. ஒரு அடி, சத்தம் முழுக்க அடங்கும்வரை பொறுத்து, அடுத்த அடி. வென்றாலும் தோற்றாலும் அணியில் ஒருத்தன் போனால் அது உண்டு.

எங்கள் முறையில் நான் தொடக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்பார், விளக்க இங்கிலிசுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டினார். விதி என்றால் விதிதான் என்றார். பிறகு போர்வையைத் தள்ளினார்.

"எனக்கு அந்த விதி இல்லையே. என்னைத் தூக்கிவிடு."

கதிரையை முன்னால் தள்ளிக்கொண்டு, நான் பின்னால் இடுப்பைப் பிடிக்க, ஒரு சமையலறைத் தூரத்தை இரண்டு பேரும் எப்படியோ கடந்தோம். மூலைக்கு நான் போகவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டி மணியை எடுத்தார். ஒரு அடி. பொறுத்தார். இன்னொரு அடி. பூட்டின வீட்டுக்குள் அது எவ்வளவு நேரம் நின்றது மச்சான்! உன்னைப் புதைத்த அன்று வாய்விட்டு அழாதவன், குளிர்சாதனப் பெட்டியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

கதவில் சாவி திரும்பியது. சிஞோரா உள்ளே வந்து, நிற்கிற மாமாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மத்தியானம் கோச் பாணைப் பாலில் தோய்த்து இரண்டு துண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே என்னை ஏசினார்.

"தோற்றால் அன்றைக்கே சொல்லவேண்டும். மறைத்தால் அடுத்த சனிக்கு நான் எப்படி ஆயத்தம் செய்கிறது?"

பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டார். ஆனால் சிவா என்று கூப்பிடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஒப்பந்தம் பற்றிச் சிஞோரா இன்னும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையும் கதவை வெளியிலிருந்துதான் பூட்டினார். நான் பால்கனியில் நின்று கூடையை இறக்கினேன். அப்போது தோன்றியது. சிஞோரா பூட்டினது ஒரு கதவு. மலர் உனக்காக அழவேண்டிய அழுகையையே நான் பூட்டி வைத்துக்கொண்டு, சாவியை மடியில் செருகித் திரிகிறேன். எது மோசம், நீயே சொல்லு.

நாளைக்கு வியாழக்கிழமை. அவள் அண்ணா எங்கை என்று கேட்க முதலே சொல்லிவிடுவேன். அழுதுவிட்டு யாழ்ப்பாணம் போறன் என்பாளா? போனால் இந்தப் பள்ளம் விழுந்த கட்டிலில் நான் ஆருக்காகக் கிடக்கிறது? தெரியாது மச்சான். ஆனாலும் சொல்லுவேன். உனக்காக அழ அவளுக்குத்தான் முதல் உரித்து, எனக்கில்லை. முப்பத்தொன்று முடிந்தபின் உன் மணியை நான் கையில் எடுப்பேன், பொய்க்கு அடிக்கமாட்டேன். அதுவரை கோச் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கச்சியைக் கட்டினவன்,
உனக்கு முதல் பிடி மண் போட்டவன்,
தவராசா