அந்தக் காட்சியில் அவளுக்கு வசனம் இல்லை

என் பிரியமான அப்பாவுக்கு,

அன்று டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது துப்பட்டா போட்டிருந்தேன். நீலத் துப்பட்டா, அம்மா வாங்கித் தந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவன் அதைப் பிடித்து இழுத்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் இறங்கியபோது அது அவன் கையில் இருந்தது.

நீங்கள் வழக்கமான மளிகைக் கடை வாசலில், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் துருத்திக்கொண்டிருந்த பையோடு நின்றீர்கள். "அப்பா, பஸ்ல ஒருத்தன்..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "துப்பட்டா எங்கட்டி?" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டி, மெல்லிய குரலில் சொன்னீர்கள்: "அவன் கை நீட்டுனது ரெண்டாவது தப்பு. மொதத் தப்பு நீ இப்படி வந்து நின்னது."

அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதற்கு ஏழு வருடத்துக்கு முன்னால் அதைச் சொல்லித்தான் தமிழ்ச் சங்க மேடையில் முதல் பரிசு வாங்கியிருந்தேன்.

நினைவிருக்கிறதா அப்பா? கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இந்தியில்தான் சண்டை போடுவோம். திருநெல்வேலிக்குப் போனால் நான் பேசும் தமிழைக் கேட்டுச் சித்தப்பா வீட்டில் சிரிப்பார்கள். அது உங்களுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.டி.யை நிறுத்தி நிறுத்தி, சினிமா வசனங்களை ஆபீஸ் டயரியில் பெரிய எழுத்தில் எழுதினீர்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்ப் புத்தகம் அந்த டயரிதான். இந்தக் கடிதத்தை எழுதுகிற தமிழும் அங்கிருந்து வந்ததுதான். அதை மறக்கவில்லை.

பொங்கல் விழா வசனப் போட்டிக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த காட்சியில் நாயகியை ஒரு ரவுடி சீண்டுகிறான். நாயகன் அவனை அடித்து விரட்டுகிறான். பிறகு அவளிடம் திரும்பி அவள் உடையைப் பற்றி ஒரு பக்கம் பேசுகிறான். படத்தின் பெயர் வேண்டாம். அப்படி ஒரு காட்சி உள்ள படங்கள் ஒன்றிரண்டா?

நான் நாயகன். அம்மாவின் கண்மையால் மீசை. நாயகி, பக்கத்து குவார்ட்டர்ஸ் சுதா. ஒத்திகையில் அவள் உங்களைக் கேட்டாள்: "அங்கிள், நான் என்ன சொல்லணும்?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். தலையக் குனிஞ்சு நில்லு. கடைசில லேசா அழு, போதும்."

"இவளுக்கு மட்டும் ஒரு பக்கம் டயலாக், எனக்கு வெறும் அழுகையா? சீட்டிங் அங்கிள் இது!"

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் மீசை கலையும்வரை சிரித்தேன். எனக்குப் பதினொரு வயது. விரலை நீட்டிச் சொன்னால் பெரியவர்கள் விசிலடிக்கிறார்கள் என்பது மட்டும்தான் புரிந்தது.

பதினெட்டு வயதில், மார்க்கெட்டில், நான் சுதாவின் இடத்தில் நின்றேன். பதில் சொல்லத் தேடினேன். எனக்குத் தெரிந்த தமிழில் அந்த இடத்தில் அந்தப் பெண் பேசியதே இல்லை. உங்கள் டயரியிலும் அந்தப் பக்கம் காலிதான். இந்தியில் சொல்லியிருக்கலாம். உங்களிடம் இந்தியில் அழ எனக்கு வரவில்லை.

வீட்டில் அம்மா கேட்டபோது, துப்பட்டாவைக் கல்லூரியில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன்.

பஸ்ஸில் நடந்ததையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவன் கோபமாக இல்லை, அப்பா. சிரித்துக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ இந்திப் பாட்டு. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "மேடம்ஜி, ஆகே ஆ ஜாவோ" என்றார். முன்னால் வந்து நின்றுகொள்ள வேண்டியது நான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாம் பார்த்த அதே படத்தில், அடிதடிக் காட்சிக்கு முன்னால், நாயகன் இரண்டு பாட்டு முழுக்க அவள் பின்னாலேயே போகிறான். ஒரு பாட்டில் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான். அவள் முறைக்கிறாள், மூன்றாவது வரியில் சிரிக்கிறாள். அதற்கும் நீங்கள் விசிலடித்தீர்கள். பஸ்ஸில் இருந்தவனும் என் மூன்றாவது வரிக்காகத்தான் காத்திருந்தானோ?

அவனை சினிமாதான் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். சினிமாவே பார்க்காதவர்களும் கை நீட்டுகிறார்கள். பிறகு எவ்வளவோ படித்தேன், மூன்று மொழிகளில். அவனைப் போன்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு விளங்காதது நீங்கள்தான். ஊரிலிருந்து யார் வைத்தியத்துக்கு வந்தாலும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற மனிதர். என்னை ஒரு அடி அடித்ததில்லை. அப்படிப்பட்ட உங்கள் வாயில், மகள் அழுதுகொண்டு வந்த நேரத்தில், அந்த வாக்கியம் எப்படித் தயாராக இருந்தது? கைதட்டல் கேட்டுக் கேட்டு, அது யாரோ எழுதியது என்பதே மறந்துபோயிருந்ததா?

மறுநாளிலிருந்து மாலைதோறும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றீர்கள். குளிர் முழுக்க, மப்ளர் சுற்றிக்கொண்டு. நான் இறங்கியதும் என் பையை வாங்கிக்கொள்வீர்கள். ஒன்றும் பேச மாட்டீர்கள். அது வருத்தமா, காவலா? அதையும் நான் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் பொங்கல் இது. நானும் அம்மாவும் இப்போது ஜனக்புரியில் இருக்கிறோம். சங்கச் செயலாளர் சண்முகம் மாமா போன் செய்தார்.

"உங்கப்பா நினைவா அதே ஸீனைப் போடறோம்மா. என் பேத்தி ரியாதான் ஹீரோ. நீ ஜட்ஜா வரணும்."

"அந்த ஸீன் வேண்டாம் மாமா."

"ஏம்மா? ஹால் முழுக்க விசில் பறக்கும்! அவர் டைரக்ஷன் ஆச்சே!"

ஏன் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை, அப்பா. "அப்போ அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதித் தரட்டுமா?" என்றேன்.

"ரெண்டே வரிதானே? லெக்சர் வேணாம் தாயே, வடை ஆறிப்போயிடும்."

நாயகியாக நின்றவள் நிலா. பத்து வயது. தமிழ் படிக்க வராது என்பதால் வாயால் சொல்லிக் கொடுத்தேன். "ஆன்ட்டி, இதச் சொல்லும்போது அழணுமா?" என்று கேட்டாள். வேண்டாம், டீச்சரிடம் நடந்ததைச் சொல்வதுபோலச் சொல் என்றேன்.

விழாவில் ரியா விரலை நீட்டி உங்கள் வசனத்தைச் சொன்னாள். மாமா வாக்குக் கொடுத்தபடி விசில் பறந்தது. அது அடங்கக் காத்திருந்து நிலா நிமிர்ந்தாள். "நான் துப்பட்டா போட்டுட்டுத்தான் வந்தேன், அவன்தான் பிடுங்கிட்டுப் போனான். நீங்க அத என்கிட்ட கேக்கவே இல்ல."

பின்வரிசையில் யாரோ, "அச்சா! ஹீரோவுக்கே டயலாக்கா!" என்றதும் கொஞ்சம் சிரிப்பு. மாமா மைக்கை வாங்கி, "ஜல்தி, ஜல்தி, அடுத்த போட்டியாளர்!" என்றார். மூன்று நடுவர்களில் மற்ற இருவரும் ரியாவுக்கு முதல் பரிசு போட்டார்கள். நிலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் அம்மா கேட்டாள்: "அந்த நீலத் துப்பட்டாவா?"

"ஆமாம்மா."

இரண்டு ஸ்டேஷன் போன பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பா கேட்டிருப்பாவளே" என்றாள்.

கேட்டிருப்பீர்களா, அப்பா? ஒருவேளை கேட்டிருப்பீர்கள். அந்த 'ஒருவேளை'யை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்வது? உங்களோடு சண்டை போடவும் முடியாது, சமாதானம் ஆகவும் முடியாது. உங்கள் மீது கோபமில்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருக்கின்றன என்பதும் உண்மை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நிலாவோ வேறு யாரோ என்னிடம் வந்து "பஸ்ல ஒருத்தன்" என்று ஆரம்பித்தால், அவள் முகத்தைப் பார்ப்பேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன். உங்கள் டயரியை நான்தான் வைத்திருக்கிறேன். அந்தக் காலிப் பக்கத்தில் நிலா சொன்னதை எழுதியாயிற்று.

அன்றைக்குப் பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. மறுநாள் காலை வேறொரு துப்பட்டாவை எடுத்து, இரண்டு தோளிலும் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறினேன். என் ஸ்டாப் வரும்வரை தலையைக் குனிந்து நின்றேன். படிப்பு முடிகிற வரைக்கும், மூன்று வருடம், அப்படித்தான் போய் வந்தேன்.

மீசை வரைந்து நீங்கள் மேடை ஏற்றிய
உங்கள் மகள்