வெண்கட்டிப் படகு

1976 மார்ச் 14, ஞாயிறு. கிளேட்டன்.

ஒல்லாந்தில் ஒரு பழைய சரக்குப் படகை இவர் வாங்கியே விட்டார். இனி நாங்கள் இருவரும் அதிலேயே குடியிருந்து பிரான்ஸ் கால்வாய்களைச் சுற்றப்போகிறோமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இன்று கராஜ் தரையில் வெண்கட்டியால் அந்தப் படகின் அறைகளை அதே அளவில் கீறிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"இதுக்குள்ளை நிண்டு பாருமப்பா. சமைக்கக் குசினியிலை இவ்வளவு இடம் காணும்தானே?"

கையை விரித்தால் கோட்டுக்கு வெளியே போனது. நான் வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம், காணும்."

அவர் சந்தோஷமாக வீட்டுக்குள் போனார். அடுப்பில் சோறு இருந்தது, நானும் போகவேண்டும். வெறும் கோடுதான், தாண்டியிருக்கலாம். நானோ அவர் வாசல் கீறியிருந்த இடத்தைத் தேடிப்பிடித்து, தலையைக் குனிந்து வெளியே வந்தேன்.