சிவப்பு விளக்கில் எண்ணெய் இல்லாத மாலை

அண்ணே,

போன வாரம் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் பழைய கப்பல் விளக்கு ஒன்றைப் பார்த்தேன். செம்பு உடம்பு, சிவப்புக் கண்ணாடி. அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். லாங் ஐலண்ட் தீவிலிருந்து ஃபீனிக்ஸ் பே துறைக்குப் பயணிகள் படகில் திரும்பிக்கொண்டிருந்தோம். சுக்கான் உங்கள் கையில். நான் உங்களிடம் வேலை பார்த்த லஸ்கர், கடைநிலை மாலுமி. படகில் நாற்பது பேர். ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று டைனமோ நின்று, மின்விளக்குகள் அணைந்தன. அந்த நேரம் பார்த்து, இடப்பக்கம் மழைக்குள்ளிருந்து மரம் ஏற்றிய கப்பல் ஒன்று நம்மை நோக்கி வந்தது.

"சிவப்பை ஏத்துடா, சீக்கிரம்!"

இடப்பக்கத்துச் சிவப்பு தெரிந்தால்தான் அவர்கள் விலகுவார்கள். அவசரத்துக்கென்று வைத்திருந்த எண்ணெய் விளக்கைத் தூக்கினேன். கனமே இல்லை. மெயின்லண்டிலிருந்து தீவுக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல் மூன்று வாரமாக வரவில்லை. வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச மண்ணெண்ணெய் இல்லை. விளக்கில் இருந்ததை நான்தான் எடுத்துப் போயிருந்தேன்.

"எண்ணெய் இல்லண்ணே."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு பயணிகளைப் பார்த்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று இந்தியில் கத்தினீர்கள். "மிட்டி தேல்! கிஸீகே பாஸ் மிட்டி தேல் ஹை?"

ஒரு வங்காளி அம்மாள் சேலைக்குள் மறைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை நீட்டினார். அவசரமாக ஊற்றியதில் பாதி தளத்தில் சிந்தியது. மூன்றாவது குச்சியில் திரி பிடித்தது. விளக்கை உயர்த்திப் பிடித்தேன். கப்பலின் முகப்பு நம் தலைக்கு மேல் வந்துவிட்டதுபோல் இருந்தது. ஊதல் கேட்டது. மெல்ல, மிக மெல்ல, அது திரும்பியது. அதன் அலையில் படகு சாய்ந்து நிமிர்ந்தது.

விளக்கு ஏன் காலி என்று விசாரணையில் அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "என் தப்புதான் சாப். பாக்காம கெளம்பிட்டேன்."

வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. கார் நிக்கோபாருக்கு மாற்றல். கப்பலேறும்போது, "பிள்ளைக்குத்தானே எடுத்த? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டீர்கள்.

நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தீர்கள். உங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அண்ணியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றுதான் சொன்னேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் தம்பி. நீங்களா சொல்வீங்கன்னுதான் ரெண்டு பேரும் காத்திருந்தோம்."

அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல்லோடுதான் இப்போது நாட்களைத் தள்ளுகிறேன், அண்ணே.