உன் மேல் ரோடு போட உன் மகளைக் கேட்கிறார்கள்

என் ராசாத்தி தங்கமணிக்கு, உன் அத்தை எழுதுகிறேன்.

நீ இருந்தவரைக்கும் மாமியாரும் மருமகளும் சத்தம் போட்டுத்தான் பேசிக்கொண்டோம். கடிதம் எழுதுகிற வேலை வந்ததில்லை. நம்ம பேச்சுக்கு எழுத்தும் கிடையாது. அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தமிழை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் மகள் திருத்துவாள். இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று சொன்னதும் அவள்தான். "நாலு பேரு படிச்சு வச்சுக்கிறது நல்லது அப்பத்தா" என்றாள். எதுக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

உனக்கு முதலில் நல்ல சேதி. உன் மகள் கஸ்தூரி இப்போது மாவட்டக் கவுன்சிலர். அன்னவாசல் பக்கத்து நரிக்குறவர் காலனிப் பெண், புதுக்கோட்டையில் பெரிய கட்டிடத்துக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறாள். முதல் நாள் அவளுக்குக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்களாம். அதைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் போட்டு உட்கார்ந்தாளாம். அது உன் குணம். என் குணமும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்.

இது ஒரு நாளில் வந்தது இல்லை. உனக்கு இரண்டாவது பிரசவ வலி எடுத்தபோது எந்த ஆட்டோவும் நம்ம காலனிக்குள் வரமாட்டேன் என்றது. பெரிய ரோடு வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டீர்கள். கஸ்தூரி அப்போது எட்டாவது படித்தாள். அதற்கப்புறம் காலனியில் எவளுக்கு வயிறு நொந்தாலும் அவள்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுவாள், அவள்தான் கூடப் போவாள். ரேஷன் கார்டு இல்லையா, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் இல்லையா, அவள்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பாள். நின்று நின்று அங்கே இருக்கிறவர்களுக்கு அவள் பெயர் மனப்பாடம்.

எலக்சன் வந்தது. பெண்களுக்கு விட்ட வார்டு. காலனியில் இருக்கிற ஓட்டு எந்த மூலைக்கு? ஆனால் திருவிழாவுக்குத் திருவிழா நாம் பாசிமணி விற்கப் போகிற ஊர்கள்தானே எல்லாம். நார்த்தாமலைத் திருவிழாக் கடையில் நம்மைத் தெரியாத பொம்பளை உண்டா? ஓட்டுக் கேட்கப் போனபோது ஒரு ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டி பாசிக்காரப் புள்ள, ஒனக்கு ஓட்டுப் போட்டா மால சும்மா தருவியா?" என்று கேட்டாள். "ஓட்டச் சும்மா போடு ஆத்தா, மாலைக்குக் காசு குடு" என்றாள் உன் மகள். அந்தத் தெருவே சிரித்தது. அந்தத் தெருவே ஓட்டும் போட்டது.

ஜெயித்ததும் நம்ம குடும்பத்துச் சாமிக்குக் கிடா வெட்டினோம். இங்கேதான் தங்கமணி வினை.

கிரஷர்காரரைத் தெரியுமே, மலையை உடைத்து ஜல்லி ஆக்குகிறவர். அவர் ஒரு கிடாவுக்கு மாலை போட்டு மினி லாரியில் அனுப்பியிருந்தார். உன் புருசன் சேகர் அதை வாங்கிக் கட்டிவிட்டான். "வேணாம்டா, நம்ம கிடா இருக்கு" என்றேன். "பெரிய மனுசன் ஆசையா அனுப்பிருக்காரு, திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்?" என்றான். அதையே வெட்டினோம். எல்லோரும் சாப்பிட்டோம்.

நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சாமிக்கு வெட்டின கிடாவைக் கொடுத்தவன் அன்றிலிருந்து நம்ம ஆள். கறி தின்றவர்கள் அவனை எதிர்த்து நிற்கக் கூடாது. நின்றால் சாமி கேட்கும். சேகருக்கும் இது தெரியும்தான். சந்தோசத்தில் மறந்துவிட்டான்.

கிரஷர்காரர் மறக்கவில்லை. போன வாரம் மத்தியானம் காரில் வந்து இறங்கினார். நாற்காலி போட்டோம். அவருடைய லாரியெல்லாம் இப்போது கண்மாயைச் சுற்றித்தான் பெரிய ரோட்டுக்குப் போகிறது. நேர்வழி வேண்டுமாம். நேர்வழி எது தெரியுமா? நம்ம சனத்தைப் புதைக்கிற மேடு. நீ படுத்திருக்கிற மேடு. அங்கே ரோடு போட வேண்டும் என்று, அந்த வார்டு கவுன்சிலர் கஸ்தூரியே கூட்டத்தில் கேட்க வேண்டுமாம்.

"ஒங்க சாமி சாட்சியா நானும் இந்த வீட்டு ஆளு. நம்ம வீட்டுப் புள்ள கேக்காம வேற யாரு கேப்பா?" என்று சிரித்தார்.

நம்ம வீட்டு வழக்கம் அவருக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? அன்றைக்கு அந்தக் கிடாவை அனுப்பும்போதே தெரியுமா?

நம்ம பெரியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் புருசன் எழுந்து அங்கிட்டுப் போய்விட்டான். கஸ்தூரிதான் பேசினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கறி தின்னது நாங்க சார். ரோடு போறது செத்தவங்க மேல. அவங்க யாரும் ஒங்க கிடாவத் திங்கலயே. அவங்க சார்பா நான் எப்படிச் சரின்னு சொல்ல முடியும்?"

கிரஷர்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "கெட்டிக்காரப் புள்ள" என்றார். கார்க் கதவைத் திறந்துகொண்டே, "கெட்டிக்காரப் புள்ளைங்க ஸ்கூட்டியில தனியா அலையக் கூடாது பாப்பா. லாரி போற ரோடு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அப்படிப்பட்ட பாசத்தை நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஒரு வெள்ளைக் கார் புளியமரத்தடியில் வந்து வந்து நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. முதலில் நம்ம நாய்கள் பாய்ந்து பாய்ந்து குரைத்தன. இப்போது அந்தக் காரைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு ஓடுகின்றன. யாரோ கறி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். வேட்டைக்குப் பழக்கின நாய்கள் தங்கமணி. வேறு யார் கையிலும் தின்னாத நாய்கள்.

இனி சொல்லப்போவது நேற்று வரைக்கும் காலனியில் ஒருத்தருக்கும் தெரியாது. செத்தவங்க அந்தக் கறியைத் தின்னவில்லை என்று உன் மகள் சொன்னாளே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெரியவர்கள் அவள் பக்கம் நிற்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒரு இலையில் ஈரலும் சோறும் எடுத்துக்கொண்டு உன் மேட்டுக்கு வந்தேன். மகள் ஜெயித்த கறியைத் தாய்க்குக் கொடுக்காமல் நான் எப்படித் தின்பேன்? தலைமாட்டில் வைத்துவிட்டு, "சாப்பிடு ஆத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ சாப்பிட்டாயா? காக்காய் தூக்கிப்போயிருக்குமா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. படைத்த இலையைத் திரும்பிப் பார்க்கக் கூடாதே.

வருகிற திங்கட்கிழமை புதுக்கோட்டையில் கூட்டம். அதற்கு முன்னால் பெரியவர்கள் கூடி, செத்தவர்களுக்கு யாரும் கறி படைக்கவில்லை என்று வீட்டுக்கு ஒருவர் சாமி முன்னால் சத்தியம் பண்ண வேண்டும் என்கிறார்கள். நம்ம வீட்டில் மூத்தவள் நான். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் குடும்பம் என்ன ஆனது என்று நீயும் பார்த்திருக்கிறாய்.

நேற்றுக் காலையில் கஸ்தூரி தலை சீவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். சீப்பு தலையிலேயே நின்றது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். "அம்மாவுக்கு ஈரல்னா உசுரு இல்ல அப்பத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் சொன்னாள்: "நீ பொய்ச் சத்தியம் பண்ண வேணாம். படைச்சேன்னு சொல்லிரு. பெரியவங்க என்னைய விட்டு விலகுனா விலகட்டும். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா அந்த ரோட்ட நான் கேக்க மாட்டேன்."

"சாமி மட்டுமா கேக்கும் பாப்பா?" என்றேன். அவள் சீவி முடித்துக் கொண்டை போட்டாள்.

பெருமையாகத்தான் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் குத்துகிறது.

அதனால்தான் பெரியவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே இங்கே எழுதிவிட்டேன். படைத்தது என் கை. குற்றம் இருந்தால் என் தலையில் விடியட்டும். இதைப் படிக்கிறவர்கள் திங்கட்கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேத்தி பெயர் கஸ்தூரி. அவள் எந்த ரோட்டில் போகிறாள், எதற்காகப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கமணி, ஸ்கூட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நான் உட்காருவேன். கூட்டம் நடக்கிற கதவுக்கு வெளியே தரையில் இருப்பேன். விரட்டினால் கேட்டுக்கு வெளியே இருப்பேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அவளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பி வருவேன். என்னை மட்டும் தனியாக நம்ம காலனிப் பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள்.

உன் பிள்ளையைக் கையில் பிடித்திருக்கிற,
உன் அத்தை.