கவிதா விழுங்காத மாத்திரை

என் அருமை வசந்தா,

"நீ பிரஷர் பார்க்க வந்தியா, ஊர்க்கதை பேச வந்தியா?" என்று ஒருமுறை உன்னைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் நீ தாதி வேலையில், எல்லாருக்கும் மிஸ்ஸியாக, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அன்று எனக்குப் பள்ளி விடுமுறை, உன் காரில் நானும் வந்திருந்தேன். ஒரு பெண்ணிடம் அரைமணி நேரம் மீன் குழம்பைப் பற்றியே பேசினாய். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தாய்.

காரில் ஏறியதும் சிரித்தாய். "உன் கிளாஸ்ல பிள்ளைங்கள வாசிக்கச் சொல்லி எங்க திக்குதுன்னு கேக்குறல்ல? நானும் அதான்கா பண்றேன். பேச விட்டாத்தான் மூச்சு எங்க அறுந்து போவுதுன்னு தெரியும். மூச்சு வாங்குதான்னு நேரா கேட்டா, ஒருத்தியும் ஆமான்னு சொல்லமாட்டா."

நீ என்னை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. காலையில் ரேடியோவில் பேசுகிறவருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகவே பாசாருக்குப் போய், தேவையில்லாத கீரையை வாங்கி வருகிறேன். பாதி வாடிப்போகிறது.

நம் தெருக் கவிதாவை உனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போன பெண். பிள்ளை வேண்டுமென்றால் முதலில் டாக்டரைக் கேள் என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லி வைத்தாய். அவளும் கேட்டாள். மாத்திரையை விடக்கூடாது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காக வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு டாக்டர் சரி என்றார். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது.

வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் உடம்பில் ரத்தமும் கூடும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். நான் அதை என் பாணியில் புரிந்துகொண்டேன். பள்ளி விடும் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குறுகலான கதவுக்கு ஓடினால் உள்ளே நெரிசலாகும். அதுபோல ரத்தம் அந்தச் சின்ன வாசலைக் கடக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரை இறக்கத்தான் கவிதாவுக்கு நீர் மாத்திரை.

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் அவளுக்கு வளைகாப்பு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். புருஷனை இழந்தவள் பின்னால் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய் உட்கார்ந்தேன்.

முன்னால் கவிதா வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கத்தை... நல்லா... இருக்கீங்களா?" மூன்று சொல்லுக்கு இரண்டு இடத்தில் மூச்சு எடுத்தாள். பிறகு வறட்டு இருமல். காதைத் தீட்டிக்கொண்டேன். அடுத்தவரிடமும் அப்படித்தான்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னைப் போன்ற ஒருத்தி வளைகாப்பு நடுவில் போய், இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் சபை என்ன நினைக்கும்? இன்னும் இரண்டு பேர் வளையல் போட்டு முடிக்கும்வரை நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. இதை உன்னிடம் மறைக்க முடியாது வசந்தா.

அப்போது கவிதாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் மாமியார் லெட்சுமி கத்தினாள். "மயக்கம் லா! படுக்க வைங்க! யாராச்சும் உப்பு போட்டு மோர் கொண்டாங்க!"

"படுக்க வைக்காதீங்க!" என்றேன். பள்ளி மைதானத்தில் பயன்படுத்திய குரல்.

"என்னா டீச்சர், நல்ல காரியம் நடக்கிற எடத்துல இப்பிடிச் சத்தம் போடுறீங்க?"

"நல்ல காரியம் நல்லபடியா முடியத்தான் லெட்சுமி. நிமிர்த்தி உக்கார வை, படுத்தா இன்னும் மூச்சு முட்டும். காலைத் தொங்க விடு. அந்த மாலையைக் கழட்டு."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சாய்மானமாக நின்றேன். பட்டுப் புடவைக்குள் அவள் இதயம் அடித்தது என் வயிற்றில் தெரிந்தது. அவ்வளவு வேகம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்காரத் தாதி. வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள், மாத்திரை எல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். கவிதா ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டரில் பதிய வேண்டும் என்று கர்ப்பப் புத்தகத்தைக் கொடுத்து லெட்சுமியை வெளியே அனுப்பினாள். பிறகு குனிந்து, "தாக் மாரா, காக்" என்றாள். கோபப்பட மாட்டேன் அக்கா என்று.

கவிதா மலாயில் தொடங்கித் தமிழுக்கு வந்துவிட்டாள். மிச்சத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். "மூணு நாளா நீர் மாத்திரை போடல. வீடு நெறைய சொந்தக்காரங்க, ஒரே பாத்ரூம். இன்னிக்குப் பட்டுப் பொடவையோட எத்தன தடவ எந்திரிக்கிறது? நடுவுல எந்திரிச்சா ஆகாதுன்னு அத்தை வேற சொன்னாங்க."

அவ்வளவுதான் காரணம். தாதி திட்டவில்லை. எழுதிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

கவிதாவுக்கு இப்போது மூச்சு சீராக இருக்கிறது. பிரசவம் வரை வார்டிலேயே வைத்திருக்கப் போகிறார்கள். தினமும் எடை பார்க்கிறார்கள், குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. லெட்சுமி உப்பில்லாத ரசம் கொண்டுவந்து, "இத மனுசன் குடிப்பானா டீச்சர்?" என்று என்னிடம்தான் சண்டை போடுகிறாள். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். ஆனால் பிள்ளை பிறந்த பிறகும் சில நாள் ஆபத்து உண்டு என்று நீ சொல்வாயே, அதை நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் திரும்பி வருகிறேன்.

பஸ்ஸில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ சமையலறையில் விழுந்து, திரும்ப எழாமலே போன பிறகு உன் அலமாரியை ஒதுக்கினேன். உன் சொந்தப் பிரஷர் மாத்திரைகள். நான்கு மாதத்து அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்.

அத்தனை பெண்களைக் கேட்டாய். உன்னை யார் கேட்டார்கள்? ஒரே மேஜையில்தானே சாப்பிட்டோம். "மாத்திரை போட்டியா?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அதட்டுவேன். "போட்டேன்கா" என்பாய். அதற்குப் பெயர் கேள்வியா? களைப்பா, பயமா, எதற்காக விட்டாய்? உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

கவிதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். வந்த பிறகு அவள் வீட்டுக்குப் போவேன். வாசலில் நின்று விசாரித்துவிட்டு வரமாட்டேன், உட்கார்ந்து கேட்பேன். இது உனக்கு என் வாக்கு.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணி இருந்தால், இன்றைக்கு மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, எந்த மாத்திரையை விட்டாய் என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

உன்னைக் கேட்கத் தவறிய
உன் அக்கா,
சரோஜா