காக்கட்டூக்களுக்கு வைத்திருந்த வெளிச்சம்

இல்லை, மாற்றமாட்டேன். வேறு படம் தரவும் மாட்டேன். உன் அண்ணாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்.

செவன் ஹில்ஸ் மண்டபத்தின் வாசலில், சட்டமிட்ட படங்களை இறக்கக் காரின் பின்கதவைத் திறந்தேன். பெயின்ட் வாசனை. உன் மஞ்சள் ஸ்ப்ரே டப்பாவின் மூடி எங்கோ கழன்று உருண்டிருந்தது. நீ போய் மூன்று மாதம். வாசனைக்கு அது தெரியாது.

நாளை உன் நினைவாக ஒரு கண்காட்சி. நீ எடுத்த பறவைகள், கங்காருவின் சின்ன உறவான வாலபிகள், கரடிக்குட்டிபோல் மழையில் நனைந்து நின்ற அந்த ஒற்றை வொம்பற். வாசலுக்கு நேரே மட்டும் உன்னுடைய படம் ஒன்று வேண்டும் என்று மல்கிரேவிலிருந்து வந்த உன் அண்ணா கேட்டிருந்தார். நான் கொண்டுவந்ததைப் பார்த்தார்.

"இத எப்படிம்மா மாட்டுறது?"

படத்தில் நீ தெருவோரச் செம்மண்ணில் மண்டியிட்டிருக்கிறாய். அடிபட்டுச் செத்த கங்காருவின் வயிற்றுப் பைக்குள் உன் ஒரு கை. உன் கமெரா புழுதியில் கிடக்கிறது. தொப்பியின் நிழல் பாதி முகத்தை மறைக்கிறது.

"ஃபேமிலியா வருவாங்க. சின்னப் பசங்க வருவாங்க. தீபாவளிக்குப் புடவை கட்டி எடுத்தாளே, அது இருக்குல்ல?"

"அதில அவள் இல்லை அண்ணா."

"அம்மா வீடியோ கால்ல பாப்பாங்க. அத யோசிச்சியா?"

யோசித்திருக்கவில்லை.

கோபார் நகரைத் தாண்டி மேற்கே நாம் போன பயணம் அது. இரண்டு நாள் கார் ஓட்டம். இளஞ்சிவப்புக் காக்கட்டூக் கிளிகள் மாலையில் தண்ணீர் குடிக்க வரும் குட்டைக்கு இன்னும் இருபது நிமிடம். வெளிச்சம் தாழ்ந்து, பக்கவாட்டில், நான் ஒரு வருடமாக மனத்தில் வைத்திருந்த மாதிரியே விழுந்துகொண்டிருந்தது. தெருவோரம் அடிபட்டுக் கிடந்த கங்காருவைக் கண்டு நீ காரை நிறுத்தினாய்.

"ஏட்டி, கையுறைய எடு."

"உனக்கென்ன விசரா? வெளிச்சம் போகப் போகுது."

"போனா போவுது. நாளைக்கு வராமலா இருக்கும்?"

"நாளைக்கு மழை எண்டு போட்டிருக்கு."

"அப்ப நீ கார எடுத்துட்டுப் போ. நான் இங்கன நிக்கேன்."

நான் போகமாட்டேன் என்று உனக்குத் தெரியும். போகவில்லை. கோபத்தில் கமெராவைத் தூக்கி உன்னை எடுத்தேன். எதை இழந்தோம் என்று பிறகு உனக்குக் காட்டுவதற்கு. ஒரு புகாராகத்தான் அந்தப் படம் பிறந்தது. காக்கட்டூக்களுக்கு வைத்திருந்த வெளிச்சம் முழுவதும் உன் முதுகில் இருக்கிறது.

பைக்குள் குட்டி இருந்தது. உயிரோடு. தலையணை உறையில் சுற்றி உன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய். தின்ன வரும் கழுகுகளும் அடிபடக் கூடாது என்று தாயின் உடலைத் தெருவைவிட்டு இழுத்துப் போட்டாய். அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டால் பெரிய பெருக்கல் குறி. பை பார்த்தாயிற்று, அடுத்து வருபவர் தேட வேண்டாம் என்பதற்கு. இவ்வளவும் நடக்க நான் காருக்குள் இருந்தேன். உதவவில்லை.

கோபாரில் குட்டிகளை வளர்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. செத்துவிட்டது.

"இப்ப சந்தோசமா?" என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன். குட்டியும் இல்லை, பறவையும் இல்லை, லீவும் முடிந்தது.

மறுநாள் காலை அடுத்த கங்காருவைக் கண்டதும் காரை நிறுத்தினாய். பை வெறுமை. குறி போட்டாய். ஐந்து கிலோமீட்டரில் இன்னொன்று. நிறுத்தினாய்.

பிரயோசனம் என்ன என்று உன்னிடம் பலர் கேட்டார்கள். நானும்தான். நீ நியாயம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடி வென்றிருப்பேன்.

போன மாதம் தனியாக அதே தெருவில் போனேன். பதினொரு தடவை நிறுத்தினேன். ஒன்றிலும் குட்டி இல்லை. கையில் அந்த வாடை மூன்று நாள் போகவில்லை. இதை உன்னிடம் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிறுத்தினேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

வருபவர்கள் உட்காரக் கதிரைகள் போதுமா என்று எண்ண அண்ணா உள்ளே போனார். நான் காரில் சாய்ந்துகொண்டு உன் அம்மாவை அழைத்தேன். படத்தை அப்படியே போன் முன்னால் பிடித்தேன்.

"தொப்பிய எப்படிப் போட்டிருக்கா பாரு. மூஞ்சியே தெரியல." பிறகு திரை முழுக்க அவர் முகம் நெருங்கி வந்தது. "உள்ள குட்டி இருந்துச்சா?"

"இருந்தது அம்மா."

"பொழச்சுதா?"

ஒரு பொய்க்கு இடம் இருந்தது. நீ இருந்தால் சொல்லியிருக்கமாட்டாய்.

"இல்லை. ரெண்டு நாளில செத்திட்டுது."

"பெறவு?"

"பிறகும் நிப்பாட்டினவள். ஒவ்வொண்டுக்கும்."

அம்மா மூக்கைச் சிந்தினார். "கிறுக்குப் புள்ள," என்றார். "அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ மாட்டு. சாயாம மாட்டு."

உன் அண்ணாவின் போன் உள்ளே ஒலிப்பது கேட்டது. நான் காத்திருக்கவில்லை. மண்டபச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பசை நாடா அந்தச் சட்டத்தின் பாரத்தைத் தாங்காது. எதிர்க் கடையில் ஒரு சுத்தியலும் இரண்டு ஆணியும் வாங்கிவந்து அடித்தேன்.