பார்க்காத நாட்கள்

ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று மீன் ஏலக்கூடத்தில், எல்லார் முன்னாலும், நீ படகுக்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டாய். உன் வனத்துறை ஆபீசுக்காக நீ கொடுத்திருந்த நீர்நாய்க் கணக்குப் படிவங்களை ஏழு படகுக்காரர்களும் என் மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "உங்க தங்கச்சிக்கு இனிமே நீர்நாயே வந்து எழுதிக் கொடுக்கட்டும்ணே" என்றார் அவர்களில் மோட்டார் படகு வைத்திருப்பவர்.

தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. எப்படி நிரப்புவது என்று என்னிடம்தான் கேட்டார்கள். பார்த்த நாளை மட்டும் எழுதுங்கள், பார்க்காததை எழுத என்ன இருக்கிறது என்றேன். என் மீன் கடையில் விற்காத நாளுக்கு நான் பில் போட்டதில்லை, அந்தப் புத்திதான்.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டாய். அது வேறு.

அண்ணன்


ஜூன் 9

அண்ணா,

எழுதவே அலுப்பாக இருக்கிறது. அவர்கள் எழுதித் தந்த தாள் எல்லாவற்றிலும் நீர்நாய் இருந்தது, நகல் இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார். நானும் நம்பி அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். "இவ்வளவு இருக்கும்போது காவல் எதற்கு?" என்று மேலதிகாரி, நீர்நாய்க்காக மூடிவைத்திருக்கும் ஆற்று வளைவை மாதக் கடைசியில் வலைக்குத் திறந்துவிடப் போகிறார். பிறகு நானே பத்து நாள் கரையில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவைதான் கண்ணில் பட்டது, குட்டியோடு. அந்த ஆத்திரத்தில் வந்த வார்த்தை அது.

அறிக்கையைத் திருத்த இப்போது பார்க்காத நாட்களின் கணக்கும் வேண்டும். அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. சின்ன வயதிலிருந்தே எல்லாம் உனக்குத்தான் தெரியும்.

தங்கை


ஜூன் 15

தங்கச்சி,

என் கடையில் ஐஸ் வாங்காமல் எந்தப் படகும் கிளம்பாது. ஐஸ் சீட்டெல்லாம் தேதியோடு என் கடைக் கம்பியில் குத்தியிருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து நீ அனுப்பிய படிவ நகல்களோடு ஒத்துப் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. படகு போனது நானூற்றுப் பன்னிரண்டு தடவை. நீர்நாயைப் பார்த்தது முப்பத்தெட்டு தடவை. மீதியெல்லாம் நீ கேட்ட நாட்கள். சீட்டுகளைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வளைவு திறந்தால் நல்ல மீன் என் கடைக்குத்தான் வரும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

படகுக்காரர்களிடம் பேசி முடித்தது இது. அதே ஏலக்கூடத்தில், ஏலம் நடக்கும்போதே, சொன்ன வார்த்தையை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புது அறிக்கையில் ஏழு பேர் பெயரும் உன் பெயருக்கு மேலே வர வேண்டும். குட்டி பெரிதாகும்வரை வளைவில் அவர்கள் வலை போட மாட்டார்கள். பார்க்காத நாளையும் எழுதுவார்கள்.

அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் நீ போக வேண்டும். இது மட்டும் நான் சேர்த்தது. இதில் பேரம் கிடையாது.

அண்ணன்